மெய்ஹுவா என்று இரண்டு ஊர்

கடற்கரை மெய்ஹுவா
1981 அக்டோபர் 12

மலை மெய்ஹுவா பள்ளிக்கூடத்து டாங் போசென் வாத்தியாருக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் ஊர்க்காரர்களுடைய வயிறு எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கொழுந்தன் ஹாய்மிங்கின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, வெளியூரில் கட்டிக்கொடுத்த அவன் மகள் உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடை ஒன்று அனுப்பியிருந்தாள். வழக்கம்போல அது உங்கள் ஊருக்கு வந்தது. எங்களுக்கு வந்து சேர்ந்தது அட்டைப்பெட்டியும் சணல் கயிறும்தான். கயிற்றையாவது விட்டுவைத்தீர்களே.

நான் இங்கே கூட்டுறவுக் கடையில் உட்கார்ந்திருப்பவள். பெயர் ஷி லியன்தி. தபால் பை படகில் என் கடைக்குத்தான் வரும். அதில் பாதி உங்களுடையது. உங்கள் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகக் கட்டு ஒன்று இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. உப்புக் காற்று படாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாங்கள் யாரும் அதைச் சமைத்துச் சாப்பிடவில்லை.

இன்னொரு விஷயம். மாவட்ட அலுவலகத்திலிருந்து சியூ என்று ஒருவர் ஊர்ப்பெயர்க் கணக்கெடுப்புக்கு வந்தார். கரையில் இறங்கியதும் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "பிளம் மரம் எங்கம்மா?" என்று கேட்டார். "இங்க மரமே கிடையாதுங்க, காத்து விடாது," என்றேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் ஊருக்கும் வந்தாரா? என்ன சொன்னார்? உண்மையைச் சொல்லுங்கள். பன்றித்தொடையை மறந்துவிடுகிறேன்.

ஷி லியன்தி


மலை மெய்ஹுவா
1981 அக்டோபர் 21

தோழர் ஷி லியன்திக்கு,

பன்றித்தொடை விஷயத்தில் எங்கள் தரப்பை நீங்கள் கேட்கவேண்டும். பெட்டி மழையில் நனைந்து வந்தது. பெறுபவர் பெயர் கரைந்துபோயிருந்தது. 'மெய்ஹுவா' மட்டும் தெளிவாக இருந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஊர் பேருக்கு வந்திருக்குன்னா ஊருக்குத்தான்யா வந்திருக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நன்றாக இருந்தது என்பதை உங்கள் கொழுந்தனிடம் சொல்லவேண்டாம். பரிகாரமாக ஊறவைத்த பிளம் காய் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி, சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்று படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சியூ இங்கேயும் வந்தார். உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும். டிசம்பரில் மாவட்டக் கூட்டத்தில் இரண்டு ஊரும் போய் வழக்காட வேண்டும். எங்கள் ஊருக்காகப் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள். எங்கள் சரிவு முழுக்கப் பிளம் மரம்தான். பனி விழும்போது பூக்கிறது. உங்கள் ஊரில் மரம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் பொதுமொழியில் 'மெய்ஹுவா' என்பதை ஒரு விதமாக எழுதினால் பிளம் பூ. அதே உச்சரிப்பை வேறு எழுத்தில் எழுதினால் 'பூ இல்லை' என்று பொருள். உங்கள் ஊருக்கு எந்த எழுத்து பொருத்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது கிண்டல்தான். ஆனால் விட்டுக்கொடுப்பது நீங்களாக இருந்தால் உங்களுக்கு நட்டம் குறைவு என்று மனதாரவே நினைக்கிறேன்.

டாங் போசென்


கடற்கரை மெய்ஹுவா
1981 நவம்பர் 3

டாங் வாத்தியாரே,

பிளம் காய் ஜாடியை ஹாய்மிங்கிடம் கொடுத்துவிட்டேன். நான் தொடவில்லை.

எங்களுக்கு நட்டம் குறைவு என்று எந்தக் கணக்கில் சொன்னீர்கள்? மரம் இருந்தால்தான் பூவின் பெயர் வைக்கலாமா? சீட்டுக்கட்டில் கிளாவருக்கு மெய்ஹுவா என்றுதான் பெயர். அதில் என்ன, பிஞ்சா தொங்குகிறது? புள்ளிமானுக்கு மெய்ஹுவா மான் என்று பெயர். எங்கள் படகு மெக்கானிக் இன்ஜின் போல்ட்டைக் கழற்றும் ரிங் ஸ்பேனருக்கும் மெய்ஹுவா என்று பெயர். கறிக்கடையில் பன்றித் தோள்பட்டையில் ஒரு துண்டுக்கு அந்தப் பெயர். உங்கள் சியூ இவை எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைத்து 'உன் மரம் எங்கே' என்று கேட்பாரா?

எங்கள் பூ தண்ணீரில் இருக்கிறது. விரிகுடா வாசலில் ஐந்து பாறை வட்டமாக நிற்கிறது. கடலிலிருந்து திரும்பும்போது முதலில் இரண்டு தெரியும், பிறகு மூன்று. ஐந்தும் பிரிந்து இதழ் மாதிரி தெரிந்தால் நேராக உள்ளே வரலாம். ஒன்று மறைந்தாலும் திரும்பிப் போகவேண்டும், இல்லையென்றால் அடியில் பாறை தட்டும். எங்கள் ஆண்கள் உயிரோடு கரை சேருவது அந்தப் பூவைப் பார்த்துத்தான். உங்கள் பூவைப் பார்த்து யாராவது உயிர் பிழைத்ததுண்டா?

சரி. மலைக்காரர் உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் இதையும் சொல்கிறேன். என் புருஷன் ரென் ஹாய்ஷெங். 1950 மே மாதம் மீன் விற்கத் தீவுத் துறைமுகத்துக்குப் போனார். உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன படை அப்போது தைவானுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த ஆட்களையெல்லாம் பிடித்து ஏற்றினார்கள். அவரையும் படகையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பிள்ளை இல்லை.

கடலில் போனவன் திரும்பவில்லை என்றால், இங்கே ஒரு வழக்கம் உண்டு. வைக்கோலில் ஆள் செய்து, அவன் சட்டையைப் போட்டு, ஏறும் அலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். 'இன்னார் மகனே, மெய்ஹுவாவுக்கு வா' என்று. ஆவி அந்த வைக்கோலில் வந்து ஏறும். அதைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வருவோம். என் மாமியார் சாகும்வரை என்னைக் கெஞ்சினாள். "செஞ்சுடும்மா, அவன் ஆத்மா அலையட்டும்னா நெனைக்கிற?" என்பாள். நான் செய்யவில்லை. அவர் சாகவில்லை. சாகாதவருக்கு எதற்கு வைக்கோல்?

அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. வருகிறவர் வாயால்தான் வழி கேட்பார். 'மெய்ஹுவா எந்தப் பக்கம்' என்று கேட்பார். நடுவில் பத்து வருஷம் புரட்சி என்று சொல்லி ஊரூருக்குச் செங்கொடி, கீழைக்காற்று என்று பெயர் மாற்றினார்கள். நம் மாவட்டத்திலேயே எத்தனை செங்கொடி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பத்து வருஷமும் யாராவது கரையிறங்கி வழி கேட்டால் நான் கடையை விட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். பெயர் திரும்பி வந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்குகிறேன். இப்போது மறுபடியும் பிடுங்க வருகிறீர்கள்.

கூட்டத்துக்கு நானும் வருகிறேன். நீங்கள் பேசுங்கள். நானும் பேசுகிறேன்.

லியன்தி


மலை மெய்ஹுவா
1981 நவம்பர் 17

லியன்தி அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிட்டதற்குக் கோபிக்கவேண்டாம். நீங்கள் என்னைவிட மூத்தவர் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு ஊர்த் தலைவரிடம் போனேன். பெயர் கரைந்த பெட்டிக்குத் தீர்ப்புச் சொன்னவர்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டே கேட்டார். "பாவம்தான். என் கண்ணுலயும் தண்ணி வருது. ஆனா வாத்தியாரே, அந்தம்மா புருஷன் ஒருத்தன். இங்க நாங்க அத்தனை குடும்பம். பேரு போச்சுன்னா பிளம் காய் வாங்க எவன் மலை ஏறுவான்?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

சியூவிடம் சமரசமாகப் பேசிப் பார்த்தேன். எங்களை 'மலை மெய்ஹுவா' என்றும் உங்களைக் 'கடல் மெய்ஹுவா' என்றும் எழுதிவிடலாமே என்றேன். அவருக்கும் பிடித்திருந்தது. அதற்குள் எங்கள் ஊரில் கலகம் வந்துவிட்டது. கடிதத் தலைப்பில் அடையாளத்துக்கு எழுதுவது வேறு, ஊர்ப்பட்டியலில் ஏறுவது வேறு. மலை மெய்ஹுவா என்றால் வேலியோரம் வெள்ளையாகப் பூக்கும் வேறொரு புதர் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதன் காயைத் தின்ன முடியாது, விறகுக்கும் உதவாது. ஊர்த் தலைவரின் மனைவி சியூவின் முகத்துக்கு நேராகவே, "எங்கள பூவா இருக்கச் சொல்லுங்க, இல்லாட்டி ஊரே வேணாம்னு சொல்லுங்க. புதர்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள். சியூ தேநீரைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

ஆகவே கூட்டத்தில் நான் பேசத்தான் போகிறேன். உங்கள் கதை தெரியாதவன் மாதிரி பேசமுடியாது. தெரிந்தவன் மாதிரியும் பேசமுடியாது. என் மனைவியும் இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு போய்விட்டாள், நோயில். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், பிளம் தோப்புக்கு மேலே. அது ஒரு விதத்தில் சௌகரியம். உங்களுக்கு அதுகூட இல்லை.

கூட்டத்துக்கு வரும்போது கனமான கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்தில் அடுப்பு கிடையாது.

போசென்


கடற்கரை மெய்ஹுவா
1981 டிசம்பர் 23

டாங் வாத்தியாருக்கு,

கோட்டு போட்டுக்கொண்டுதான் வந்தேன். நன்றி.

நன்றாகப் பேசினீர்கள். கைதட்டக்கூடத் தோன்றியது. கோயில் கல்வெட்டு, பழைய வரைபடம், பூ பூக்கும் மாதம் என்று எதையும் விடவில்லை. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தேநீர்க் குவளையைப் பார்த்துப் பேசினீர்கள். குவளைக்குக் காது இருக்கும், திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால் உங்களுக்கு வசதி.

நான் பேசியபோது என்ன நடந்தது? பாறை என்றேன். சியூ வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அஞ்சு புள்ளிதாம்மா இருக்கு, பூ ஒண்ணும் இல்லையே," என்றார். கூடம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை, அதைக் கவனித்தேன். என் புருஷனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்த ஆட்கள் முன்னால் அவர் பெயரை இறக்கிவைக்க எனக்கு மனசில்லை. நீங்களும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை.

தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். இனி எங்கள் ஊர் 'புது ஒளி'. டார்ச் பேட்டரிக்கு வைக்கிற பெயர். ஹாய்மிங் கேட்டதுமே, "அண்ணி, ரெண்டு கட்டை பேட்டரி குடுங்க, ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு எனக்கு," என்றான். மாவட்ட ஊர்ப்பட்டியலில் இப்போதே எழுதிவிட்டார்களாம். பஸ் நிலையத்துக்கும் தபால் நிலையத்துக்கும் தாள் போய்விட்டதாம். வசந்தத்தில் பெயர்ப்பலகை வரும்.

வரட்டும். படகுகளின் பின்பக்கத்தில் மெய்ஹுவா என்று புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டோம், பழையதைவிடப் பெரிய எழுத்தில். தபால் பையில் 'புது ஒளி' என்று எது வந்தாலும் அப்படி ஒரு ஊர் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம் சியூ எழுதிய சுற்றறிக்கையையும் அப்படித்தான் திருப்பினேன்.

உங்களுக்கு வரவேண்டியது இனி இங்கே வராது. எங்களுக்கு வரவேண்டியது அங்கே வந்தால் அடுப்பில் போடுங்கள். எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஷி லியன்தி


மலை மெய்ஹுவா
1982 பிப்ரவரி 19

லியன்தி அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத ஒன்று நடந்திருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள். கடையில் ஆள் இருந்தால் அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

நேற்று முன்தினம் ஒரு மனிதர் மலையேறி வந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு, ஆனால் நகரத்துச் செருப்பு, பனியில் முழுக்க நனைந்திருந்தது. மரங்கள் பூத்திருந்தன. அவர் தோப்பு நடுவில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் போய், "யாரைத் தேடறீங்க?" என்றேன். "இதுதான் மெய்ஹுவாவா?" என்றார். "ஆமாம்," என்றேன். "கடல் எங்கே?" என்றார்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஹாய்ஷெங் அண்ணன்தானோ என்று நினைத்தேன். அவர் இல்லை. ஹாங்காங்கில் குடியிருக்கும் கப்பல்காரர். அவர் கப்பல் நிங்போ துறைமுகத்தில் நின்றது, இரண்டு நாள் கரைக்கு அனுமதி. பஸ் நிலையத்தில் மெய்ஹுவா என்று கேட்டாராம். "ரெண்டு இருக்குன்னு சொன்னாங்களே?" என்று இவர் கேட்க, டிக்கெட் கொடுக்கிற பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க, ஒண்ணுதான், மலைமேல," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தாளில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாளை நான்தான் பேசி வாங்கினேன்.

உங்கள் ஊருக்கு அழைத்துப்போக முயன்றேன். பனியில் கடற்கரைப் பஸ் ஓடவில்லை. அவர் மறுநாள் கப்பலில் இருக்கவேண்டும். வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன், அரிசி மதுவைச் சூடாக்கிக் கொடுத்தேன். வாயால் உங்களிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஹாய்ஷெங் அண்ணன் உயிரோடு இருக்கிறார். தைவானில் கீலுங் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறார். கப்பல்காரர் அங்கே கரையிறங்கும்போது அவரோடு பழக்கமானவர். முதல் பத்து வருஷம் படையில் வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இரண்டு பையன்கள், ஒரு பெண். மகளுக்கு மெய்ஹுவா என்று பெயர் வைத்திருக்கிறார். அங்கிருந்து இங்கே கடிதம் எழுதவோ வரவோ அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தாலும் வருவாரா என்று கேட்டேன். கப்பல்காரர் மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வரமாட்டாருன்னு நெனைக்கிறேன் தம்பி. 'அவ உயிரோட இருந்தா என்னை எதிர்பார்க்க வேணாம்னு சொல்லு'ன்னுதான் என்னை அனுப்பினாரு," என்றார்.

மறைத்துவிடலாம் என்று ஓர் இரவு முழுக்க நினைத்தேன். உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் எழுதலாம் என்று ஒரு தாள் எழுதிக் கிழித்தேன். நீங்கள் வைக்கோலுக்கே ஒத்துக்கொள்ளாதவர். அரைச் செய்தியைக் கொடுத்து உங்களை ஏமாற்ற எனக்கு என்ன உரிமை?

சியூவுக்கு இன்று எழுதியிருக்கிறேன், பஸ் நிலையத்துத் தாளில் உங்கள் பழைய பெயரையும் சேர்க்கச் சொல்லி. எங்கள் ஊர்த் தலைவரும் கைநாட்டு வைத்தார். நான் கெஞ்சவில்லை. கப்பல்காரர் தோப்பில் நின்றதை அவரும் பார்த்தார்.

போசென்


கடற்கரை மெய்ஹுவா
1982 ஏப்ரல் 6

போசென் தம்பிக்கு,

தாமதமாக எழுதுகிறேன். மார்ச் மாதம் முழுக்க எனக்கு எழுத வரவில்லை. கடையை ஒரு நாள் மட்டும் மூடினேன், அதற்குமேல் மூடினால் உப்புக்கு ஜனங்கள் எங்கே போவார்கள்?

முழுவதும் சொன்னதற்கு நன்றி. அரைச் செய்தி வந்திருந்தால், அது அரை என்று ஒரு நாள் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் மலையேறி வந்து உங்களை உதைத்திருப்பேன்.

அழுதேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். கோபம் வந்தது, அது இன்னும் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னது சரி. ஊர் சொன்னது தப்பு. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. படையில் பத்து வருஷம் என்கிறீர்கள். அந்தப் பத்து வருஷத்துக்கு அவரை மன்னித்துவிட்டேன். அதற்குப் பிறகுள்ளதற்கு மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. அந்தக் கீலுங்காரிமேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளும் கரையில் நின்று காத்திருக்கிறவள்தானே.

செய்தி ஊருக்குத் தெரிந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். ஹாய்மிங் ஒரு நாள் கடைக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணி, இனி யாருக்காக இந்தப் பேரைப் புடிச்சிட்டு இருக்கணும்? அண்ணன்தான் வரப் போறதில்லையே. பலகையை வாங்கி மாட்டிடலாம்," என்றான். போனது அவன் அண்ணன். அவனுக்கும் வலிதான். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பலகை போன வியாழக்கிழமை வந்தது. சியூவே படகில் கொண்டுவந்தார், சாயக்காரன் ஒருவனோடு. நான் கடையில்தான் இருந்தேன். போகக்கூடாது என்று இருந்தேன். வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரு தட்டு தட்டியதும் என் கால் தானாக எழுந்தது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, படகுத்துறையில் நிற்கிறேன். கையில் அரிசி அளக்கிற படி.

"இறக்குய்யா அதை," என்றேன்.

சியூ பொறுமையான ஆள், அதை மறுக்கமாட்டேன். "அக்கா, உங்க விஷயம் எல்லாம் டாங் வாத்தியார் எழுதினாரு. வருத்தமா இருக்கு. ஆனா இனிமே உங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்றார்.

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. "எனக்கு என்ன இருக்கா? நான் இருக்கேன்யா இதுல," என்றேன். "அவரு இந்த ஊர்ல இருந்தது இருபத்திரெண்டு வருஷம். நான் கட்டிக்கிட்டு வந்து முப்பத்து மூணு. அவருக்காகப் பேரைக் காவல் காக்கறேன்னு நானே என்னை ஏமாத்திட்டு இருந்தேன். அவரு வந்தாலும் வராட்டியும் இது என் ஊர். நான் டார்ச் பேட்டரியில குடியிருக்க மாட்டேன்."

பெண்கள் எல்லோரும் வலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. சாயக்காரன் ஏணியிலிருந்து தானே இறங்கிவிட்டான். சியூ தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரே எழுத்துல ரெண்டு ஊர் பட்டியல்ல இருக்கக்கூடாதுக்கா, அது மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்றார்.

அப்போது உங்கள் பழைய கிண்டலை எடுத்துப் போட்டேன். "எழுத்துதானே பிரச்சினை? ஒலி இல்லையே? அப்ப வேற எழுத்துல எழுதுங்க. 'பூ இல்லை'ன்னு எழுதுங்க. கூப்பிடறப்ப மெய்ஹுவாதான்," என்றேன். சியூ என்னைப் பார்த்தார். "அக்கா, பூ இல்லைன்னு ஒரு ஊருக்கு யாராவது பேரு வைப்பாங்களா? அவமானமா இருக்காதா?" என்றார். ஹாய்மிங் அதுவரை ஓரமாக நின்றவன், முன்னால் வந்து, "எங்களுக்கு என்ன அவமானம்? நீங்கதான பார்த்துட்டுப் போனீங்க, மரம் எங்கன்னு? பார்த்ததை எழுதுங்க," என்றான். படகுத்துறையே சிரித்தது. கூடத்தில் சிரித்த மாதிரி இல்லை.

பலகையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். மேலிடத்தில் கேட்கிறேன் என்றார். நேற்றுத் தாள் வந்தது. பட்டியலில் எங்கள் ஊர் 'பூ இல்லை'. சத்தம் போட்டுப் படித்தால் மெய்ஹுவா. நீங்கள் மலைமேல் எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஒலியை வைத்துக்கொள்கிறோம். தபால் இனியும் தப்பாகத்தான் வரும். எது வந்தாலும் அனுப்பிவிடுங்கள், பன்றித்தொடையைத் தவிர. அதை வந்து சேர்ந்து சாப்பிடலாம், நீங்களும் கடல் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

மாமியார் வீட்டு வழக்கத்தையும் முடித்துவிட்டேன். வைக்கோல் ஆள் செய்யவில்லை. அவர் விட்டுப்போன சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. கடையில் வேலைசெய்யும் கிழவருக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்குச் சரியாக இருக்கிறது.

அந்தக் கப்பல்காரர் மறுபடியும் வருவார் என்று எழுதவில்லை. ஆனாலும் வந்தால், அல்லது வேறு யாராவது வந்து மெய்ஹுவா எங்கே, கடல் எங்கே என்று கேட்டால், மலையிலேயே நிறுத்திவிடாதீர்கள். கையைப் பிடித்துக் கடற்கரைப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஊர் இருக்கிறது என்று சொல்லுங்கள். லியன்தியும் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். காத்திருக்கவில்லை என்று சொல்லுங்கள்.

லியன்தி